ஒத்தாசை என்னும் சொல்

படவேடு, ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் சேலைக்கான கூலி பெரும்பாலும் ஆணின் பெயரில்தான் வருகிறது. தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும், அறுந்த இழையை முடிவதும் அவர் மனைவி, மகள். அதற்கு வீட்டில் வழங்கும் பெயர் "கூடமாட ஒத்தாசை".

உலகச் சமூகப் பிரச்சினைகள் பாடத்தில் நான் கற்றது இந்தச் சொல்லைச் சந்தேகிக்கத்தான். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். பள்ளிகளும் மீன் ஆலைகளும் முடங்கின. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

ஒத்தாசை என்றால் மறுக்க இடம் இருக்க வேண்டும். பாவு நீட்டப் பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுப்பது ஒத்தாசை. வராவிட்டால் அவரை யாரும் திட்ட மாட்டார்கள். வந்தால் நன்றி சொல்வார்கள். மனைவி தார் சுற்றாவிட்டால் தறி நிற்கும், திட்டு விழும். சுற்றினாலோ நன்றி கூட இல்லை. மறுக்க முடியாதது ஒத்தாசை ஆகாது, அது வேலை.

"குடும்பத்துக்குள் என்ன கணக்கு?" என்பார்கள். கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. பட்டின் எடை, ஜரிகையின் விலை, சேலைக்கு இத்தனை கூலி என எல்லாம் எழுதப்படுகிறது. அவள் பங்கு வரும்போது மட்டும் பாசம் குறுக்கே வருகிறது.

பாசத்துக்கு விலை வைக்கச் சொல்லவில்லை. ஒரு சேலைக்கு இருவர் உழைத்தால் கூலிச் சீட்டில் இரண்டு பெயர் இருக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.