இந்த ஊரில் உம் வீடு எது?

அக்கா மகன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"மாமா, நீங்களும் மார்க் போடுங்க. மூணு பேர் மார்க்கை ஆவரேஜ் பண்ணித்தான் முடிவெடுக்கப் போறேன்."

திருவெண்ணெய்நல்லூரில் அக்கா வீட்டு மாடி அறை. வெளியே வேப்பமரம். கீழே மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற சத்தம். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவன், இந்த அறையிலேயே தங்கிவிட்டான். ஆபீஸில் கூப்பிடவும் இல்லை. பத்து மணிக்கு ஸ்கிரீனில் முகம் தெரிந்தால் போதும், அந்த முகத்துக்குப் பின்னால் எந்த ஊர் இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். "எந்த ஊர் இருந்தாலும்" என்ற அந்த வார்த்தைதான் பையனைத் தூங்கவிடவில்லை. ஒரு தீவுக்குப் போய் இரண்டு வருஷம் இருந்து வேலை பார்ப்பது என்று தீர்மானம். எந்தத் தீவு என்பதில்தான் குழப்பம்.

ஸ்கிரீனில் ஒரு பட்டியல். இடப்பக்கம் தீவுகள்: ஹேவ்லாக், நீல், கவரத்தி, கடைசியில் ஆசைக்கு பாலி. மேலே தலைப்புகள்: நெட் வேகம் 25 மார்க், வாடகை 20, சாப்பாடு 15, ஆஸ்பத்திரி 10, கரண்ட் 10, 'வைப்' 20. வைப் என்றால் என்ன என்று கேட்டேன். "அது போனாத்தான் மாமா தெரியும்" என்றான். ஆஸ்பத்திரியைவிட அதற்கு இரண்டு மடங்கு மார்க். இருபத்தெட்டு வயசில் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

காப்பி கொண்டுவந்த அக்கா கேட்டாள்: "இது என்ன வேலைடா?"

"நாங்கள்லாம் டிஜிட்டல் நோமாட்மா. நாடோடி."

"நாடோடின்னா... கோயில் வாசல்ல ஊசி பாசி விக்கிறாங்களே, அவங்க மாதிரியா?"

பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால், அக்கா கேட்டது அன்று முழுக்க என்னோடு இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பரீட்சை பேப்பரைத் திருத்திவிடுவோம்.

நெட் விஷயத்தில் அந்தமானுக்கு முன்பு பாஸ் மார்க்கே போட முடியாது. எல்லாம் சாட்டிலைட் வழியாக வரவேண்டும். ஒரு போட்டோ அனுப்பிவிட்டு ஒரு தூக்கம் போடலாம். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் போட்ட கேபிள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேர் வரை போய், அங்கிருந்து ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் என்று கிளை பிரிகிறது. (போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஸ்வராஜ் தீவு ஆனது. பையன் பட்டியலில் இன்னும் பழைய பெயர்கள்தான்.) லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து இதே மாதிரி கேபிள், 2024 ஜனவரியில் திறந்தார்கள். ஆக, நெட் ஓகே.

கரண்ட்? அந்தமானில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்தான். அந்த டீசல் கப்பலில் போகவேண்டும். பையன் ஏ.சி.யைத் தட்டினால், அதற்கு ஒரு டேங்கர் கடல் தாண்டவேண்டும். வழி? சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். அங்கிருந்து ஹேவ்லாக்குக்கு மறுபடி படகு. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னம் வந்து படகுகள் நின்றுபோக, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. அந்தச் சின்னம்தான் அடுத்த சில நாளில் 'வர்தா' என்ற பெயரோடு சென்னைக்கு வந்து மரங்களையெல்லாம் சாய்த்தது.

தண்ணீர் என்று ஒரு தலைப்பே பையன் பட்டியலில் இல்லை. குழாயைத் திருகினால் வரும் என்ற நம்பிக்கை.

கவரத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சத்தீவு மொத்தமும் சேர்த்தே 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்குப்படி சுமார் 64,000 பேர். விழுப்புரம் டவுன் ஜனத்தொகையைவிடக் குறைவு. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்கிற மழை பவளப்பாறை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீர்மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், அதனால் மிதக்கிறது. கிணற்றில் கொஞ்சமாக மொண்டு குடித்தால் வருஷம் பூரா ஓடும். மோட்டார் போட்டு உறிஞ்சினால், கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் யாருக்கும் இல்லை. 2005-ல் சென்னையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தருகிற ஆலையைக் கவரத்தியில் வைத்தது. கடல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து, நல்ல தண்ணீராக்குகிற ஏற்பாடு. அருமையான வேலை. அந்தக் கணக்கில் ஒருவருக்கு எத்தனை குடம் என்று அந்த ஊர் ஜனங்களுக்குத் தெரியும். காலையும் மாலையும் ஷவரில் நிற்கிற நம்மாளுக்குத் தெரியாது. லட்சத்தீவுக்குள் நுழைய நம் நாட்டுக்காரனே பெர்மிட் வாங்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்பவர்கள் அந்தக் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

"தீவு உனக்கு என்ன தரும்னு ஆறு தலைப்பு போட்டிருக்கியே, நீ தீவுக்கு என்ன தருவேன்னு ஒரு தலைப்பு இல்லையேடா?"

"காசு தர்றேனே மாமா! வாடகை, சாப்பாடு, போட்டு, பைக்... நான் போகலேன்னா அந்த ரூமு பூட்டித்தான் கெடக்கும்."

நியாயமான பதில். சட்டென்று தள்ளிவிட முடியாது. சுற்றுலா வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற குடும்பங்கள் அங்கே எவ்வளவோ இருக்கின்றன. வெளியாள் வராதே என்று சொல்ல நான் யார்? ஹேவ்லாக்கில் இன்று 'உள்ளூர்க்காரர்' என்கிறோமே, அவர்களில் பெரும்பாலோர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து, 1950-களில் அங்கே குடியமர்த்தப்பட்ட வங்காளிகள். கோவிந்த நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர் என்ற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். மூட்டையோடு சாமியையும் தூக்கி வந்தவர்கள். நம் ஆட்களும் இருக்கிறார்கள். இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றினார்கள். 2000 ஜனவரி 1 அன்று நாட்டிலேயே புது ஆயிரமாண்டின் முதல் சூரியோதயம் அங்கேதான் என்று கச்சாலுக்கு ஏகப்பட்ட விளம்பரம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது மிக மோசமாக அடிவாங்கிய தீவுகளில் அதுவும் ஒன்று. சூரியோதயம் பார்க்க வந்தவர்கள் எப்போதோ திரும்பிப் போயிருந்தார்கள். அலை வந்தபோது இருந்தவர்கள், போக வேறு இடம் இல்லாதவர்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். பேஸ், பேஸ் என்கிறான் பையன். அந்த வார்த்தையிலேயே எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்ற அர்த்தம் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் உப்பானால் பாலி, பாலியில் வாடகை ஏறினால் தாய்லாந்து. உப்புத் தண்ணீர் யாருக்கு?

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். கிருபாபுரீஸ்வரர். வாசலருகே வழக்கு தீர்த்த மண்டபம் என்று காட்டுகிறார்கள். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கிறான், நீ எனக்கு அடிமை" என்கிறார். மாப்பிள்ளை கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட, "அது நகல்தானப்பா, மூலம் வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்கிறார் கிழவர். (வக்கீல்கள் கவனிக்க.) வழக்கு இந்த ஊர்ச் சபைக்கு வருகிறது. கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். கிழவர் பக்கம்தான் தீர்ப்பு.

எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுகிறோம். பெரியபுராணத்தில் அதற்கப்புறம் ஒரு கேள்வி இருக்கிறது. சபையார் கிழவரைப் பார்த்துக் கேட்கிறார்கள்: இந்த ஊர்தான் உம் ஊர் என்று ஓலை சொல்கிறதே, இங்கே உம் வீடு எது, காட்டும்! கிழவர் நேரே கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

வழக்கில் ஜெயித்தவரையே, அதுவும் சாட்சாத் சிவபெருமானையே, எந்த வீடு என்று கேட்ட ஊர் இது. நெட் ஸ்பீடு கேட்கவில்லை, கையில் காசு இருக்கிறதா என்று கேட்கவில்லை. நாளைக்கு ஒன்றென்றால் உம்மை எங்கே வந்து தேடுவது என்று கேட்டார்கள். வாடகை கொடுக்கிறவன் குடித்தனக்காரன். தேடிவந்து, "ஏம்ப்பா, ஒரு கை பிடி" என்று கேட்க முடிகிறவன்தான் ஊர்க்காரன். இரண்டு பேரும் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில் இருக்கலாம்.

"அப்ப சுந்தரர் மட்டும் ஒரே ஊர்லயா இருந்தாரு?" என்றான் பையன். விவரமான பையன். இல்லைதான். ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். திருவாரூரில் ஒரு வீடு, திருவொற்றியூரில் ஒரு வீடு என்று இரண்டு 'பேஸ்' வைத்திருந்தவர். ஆனால், ஒற்றியூரில் சங்கிலியாரிடம், "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, ஆரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போய்விட்டது. அலையலாம், தப்பில்லை. கொடுத்த வாக்கைப் படுக்கையோடு சுருட்டிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

கோயில் வாசலில் அக்கா சொன்னவர்கள் இருந்தார்கள். துணி விரித்து, பாசிமணி, ஊசி, சீப்பு. 'டிஜிட்டல் நோமாட்' என்ற பெயரிலேயே 1997-ல் மகிமோட்டோ என்ற ஜப்பானியரும் மேனர்ஸ் என்பவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். இன்று பல நாடுகள் அந்த நாடோடிகளுக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கின்றன. பார்படாஸ் 2020-லேயே தனி விசா கொடுத்தது. மொரிஷியஸும் கொடுத்தது. தாய்லாந்து 2024-ல் கொடுத்தது. நம்ம ஊர் நாடோடிக்கு என்ன கொடுத்தோம்? நாடோடிக் கூட்டங்களையும் பிறவிக் குற்றவாளிகளாக்கி, 1871-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1947-ல்தான் இங்கே ஒழிந்தது. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரி வரை ஆனது. இடம் மாறிக்கொண்டே இருப்பது ஒருவனுக்கு லைஃப் ஸ்டைல், இன்னொருவனுக்குக் கேஸ். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு லேப்டாப்பும் ஒரு பாஸ்போர்ட்டும்தான். பையன் எதுவும் சொல்லாமல் இரண்டு பாசிமணி வாங்கினான். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஃபெஞ்சல் புயல் பற்றிப் பேச்சு வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பொங்கி வந்து, இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அக்கா வீட்டில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. பையன் போட்ட தலைப்புகளின்படி அன்றைக்குத் திருவெண்ணெய்நல்லூருக்கு நூற்றுக்குப் பூஜ்யம்.

"அந்த ரெண்டு நாள் நீ என்ன பண்ணே?"

"என்ன பண்றது... பசங்க டிராக்டர் எடுத்தாங்க, நானும் ஏறிக்கிட்டேன். சோத்துப் பொட்டலம் குடுத்தோம். பக்கத்துத் தெரு ஆயாவைத் தூக்கிட்டுப் போயி ஸ்கூல்ல விட்டோம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆபீஸ்ல லீவு போட்டுக்கிட்டாங்க" என்றான்.

"உன்னை யார் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. தெருவுல சத்தம் கேட்டுது, போனேன்."

இதுதாண்டா பாயின்ட் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "சரி மாமா, நீங்க மெட்ராஸ்ல அந்த ஃப்ளாட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பத்தொன்பது."

"எதிர் ஃப்ளாட்டுல இருக்கறவரு பேரு என்ன?"

வேப்பமரத்தைப் பார்த்தேன். காற்று இல்லை, அசையக்கூட இல்லை.

மார்க் போடாமலேயே கிளம்பிவிட்டேன். பையன் பட்டியலைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறானாம். தண்ணீருக்கு ஒரு தலைப்பு சேர்த்து, வைப் மார்க்கைக் குறைத்திருக்கிறான். இரண்டு வருஷம் என்பது ஆறு மாசம் ஆகியிருக்கிறது. லட்சத்தீவை எடுத்துவிட்டான். ஹேவ்லாக் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் பெங்காலி வார்த்தைகள் படிக்கிறான் என்று அக்கா போனில் புலம்பினாள். எனக்கென்னவோ அது நல்ல சேதியாகப் பட்டது.

அன்று ராத்திரி வீடு வந்து சேரும்போது பதினோரு மணி. லிஃப்ட்டில் எதிர் ஃப்ளாட்காரரும் ஏறினார். கையில் பால் பாக்கெட். நான்காவது மாடி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று, "சார், உங்க பேரு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"என்ன சார், மெயின்டனன்ஸ் பாக்கியா? போன மாசமே கட்டிட்டனே!"