ரிப்போர்ட்டை யார் படிப்பது?

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்த கையோடு தஞ்சை மாவட்டத்தின் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் ஒரு காட்சி தப்பாது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் ஒரு பிடி நெல்லைப் போட்டதும் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டி அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கேள்விகள் பறக்கும். "இன்னொரு தடவை போடுங்க", "வேற மூட்டையில எடுத்துப் பாருங்க". அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், வரம்பை 22 ஆக்கச் சொல்லி மனுவும் மறியலும் நடக்கும். எண் எப்படி வருகிறது, வரம்பை யார் வைத்தார்கள், அதைத் தளர்த்த யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் டெல்டா விவசாயிக்கு அத்துபடி.

அதே வீட்டுப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும், லேபில் கொடுத்த கவரில் மடிப்புக் கலையாமல் டாக்டர் மேசைக்குப் போகிறது. "தைராய்டு இருக்கும்மா, மாத்திரை எழுதறேன்" என்று அவர் சொன்னதும் கவர் பீரோவுக்குத் திரும்புகிறது. எவ்வளவு இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்க்கா."

டாக்டருக்குத் தெரியும், சந்தேகமில்லை. ஆனால் தைராய்டு குறைபாட்டில் டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். மாத்திரையை எப்போது விழுங்கினாள், அதற்குப் பின் எதைக் குடித்தாள், எந்த வாரம் விடுபட்டது, அசதி எந்த மாதம் தொடங்கியது என்பதெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. அதை அவள் சொல்லாவிட்டால் சிகிச்சையின் பாதி அந்த அறைக்குள் வருவதே இல்லை.

இது அரிதான நோயும் அல்ல. சென்னை உள்ளிட்ட 8 பெருநகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாகச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று: அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 3.47 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு இந்தக் குறைபாடு இருப்பதே அதுவரை தெரியாது. பெருநகரத்திலேயே இப்படி என்றால், லேபுக்குப் போகவே பஸ் ஏற வேண்டிய ஊர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. இந்த நோயின் ஒவ்வோர் அறிகுறிக்கும் வேறொரு சமாதானம் தயாராக இருக்கிறது. உடம்பு கனத்தால் பிள்ளை பெற்ற உடம்பு. முடி கொட்டினால் தண்ணீர் சரியில்லை. மாதவிலக்கில் அதிகம் பட்டால் வயசு. மலச்சிக்கலுக்குச் சூடு. மறதிக்கு வேலைப் பளு. எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும் சித்திரையில் ஒருத்திக்கு மட்டும் மின்விசிறிக் காற்று குளிர்ந்தால், "இவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்ற கேலி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணின் அசதியை நோயாக யார் எண்ணுவார்கள்? அவளே எண்ணுவதில்லை. "என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் கேட்டதும் வரும் பதில், "ஒண்ணும் இல்லைங்க, அசதிதான்." பல நேரம் அதைக்கூட உடன் வந்த கணவர்தான் சொல்கிறார்.

ரிப்போர்ட்டைப் படிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. அதில் முக்கியமான வரி டி.எஸ்.எச். பலரைக் குழப்புவதும் அதுதான். இது தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. தைராய்டு சுணங்கினால் அதை உசுப்ப பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும். ஆகவே இந்த எண் ஏறினால் தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கிறது, இறங்கினால் மிஞ்சியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒவ்வொரு லேபும் தன் கருவிக்கு ஏற்ற வரம்பை அதே தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும்; பெரும்பாலும் 0.4-லிருந்து 4-ஐ ஒட்டி. இவ்வளவு தெரிந்தாலே "போன தடவை 9, இப்ப 5" என்று பேசத் தொடங்கிவிடலாம்.

அடுத்தது மாத்திரை. தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் லெவோதைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். சொல்வதற்கு எளிது. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பேர்போன இந்த மண்ணில் சிக்கல் அங்கேதான் ஆரம்பம். டெல்டாவில் ஒரு வீட்டின் விடியலை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வருகிறாள், முதல் நாள் இரவே இறக்கி வைத்த டிகாக்ஷன் தயார், பால் பொங்குகிறது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு அந்தக் காபியாலேயே விழுங்கிவிடுகிறாள். கேட்டால், "வெறும் வயித்துலதான் போட்டேன், இன்னும் எதுவும் சாப்பிடலையே." காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. காபியோடு விழுங்கினால் இந்த மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்று இத்தாலிய மருத்துவர்கள் 2008-இல் எழுதினார்கள். அவர்கள் சோதித்தது பாலில்லாத எஸ்பிரெஸ்ஸோ. நம் காபியில் பாலும் சேர்கிறது. பாலின் கால்சியமும் இந்த மருந்துக்குத் தடைதான்.

விளைவு என்ன? டி.எஸ்.எச். இறங்கவில்லை. டாக்டர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்குகிறார். அப்புறம் 100. மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. கோளாறு டம்ளரில் இருக்கிறது. "காபிக்கு எவ்வளவு நேரம் முன்னாடி போடறீங்க?" என்ற ஒரு கேள்வியை டாக்டர் கேட்டிருக்கலாம். அவர் கேட்காதபோது அவளே சொல்லியிருக்கலாம். சொன்னால் வழியும் உண்டு. எழுந்ததும் முதல் வேலையாக மாத்திரை, கோலமும் பாத்திரமும் முடிந்த பிறகு காபி என்று வரிசையை மாற்றினாலே போதும். விடியலில் வயலுக்கு ஓட வேண்டியவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்து, படுக்கும்போது போடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். படுக்கும்போது போட்டால் மருந்து நன்றாகவே சேர்கிறது என்று நெதர்லாந்தில் 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை டப்பா அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த மருந்துக்கு வெப்பமும் வெளிச்சமும் ஆகாது.

வீட்டில் கண்காணிக்க என்று கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எடை, மாதவிலக்கு, மலச்சிக்கல், தூக்கம், நாடித்துடிப்பு, விடுபட்ட மாத்திரை, புதிதாகத் தொடங்கிய வேறு மாத்திரை, பக்கத்தில் டி.எஸ்.எச். எண்ணும் அன்று இருந்த மாத்திரை அளவும். லெவோதைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் அளவை மாற்றிய பத்தாம் நாளே லேபுக்கு ஓடிப் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். டி.எஸ்.எச். ஒரே நாளில் நேரத்துக்கு நேரம் மாறக்கூடியது என்பதால், முடிந்தவரை ஒரே லேபில், அதே காலை வேளையில் கொடுப்பது நல்லது. இன்னொரு கண்ணி: தைராய்டால் முடி கொட்டுகிறதே என்று பலர் பயோட்டின் மாத்திரை போடுகிறார்கள். சில லேப் முறைகளில் பயோட்டின் டி.எஸ்.எச்.சை உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடும். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்; அல்லது லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இப்படி எழுதி வைப்பது தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, ஒவ்வொருவரின் நோய் விவரத்தையும் பாதிக்கப்பட்ட கண்ணின் ஓவியத்தோடு பதிவு செய்ய வைத்தார். அந்தக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுக்கு முந்தைய கண்ணின் கதை பத்திரமாக இருக்கும் ஊரில், மூன்று ஆண்டுக்கு முந்தைய தைராய்டு ரிப்போர்ட் பழைய பேப்பரோடு போய்விடுகிறது.

தொலைந்தால் கேட்டு வாங்கலாம். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவரின் சிகிச்சைப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்; கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தை 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. தன் நோயைப் பற்றிய தகவலைப் பெறுவதும், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதும் அதில் உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பிடிமானம்.

கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். மாத்திரையை விடாமல் போடுவதற்கு மட்டுமல்ல, தேவையில்லாத மாத்திரையைத் தவிர்க்கவும் கேட்க வேண்டியிருக்கிறது. எண் வரம்பை லேசாகத் தாண்டிய முதியவர்கள் 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களுடைய அசதியையோ மற்ற அறிகுறிகளையோ மாத்திரை குறைக்கவில்லை. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். 70 வயதுப் பாட்டிக்கு டி.எஸ்.எச். 6 என்று வந்தால், "இதுக்கு இப்பவே மாத்திரை வேணுமாங்க, ரெண்டு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று பேரன் கேட்பதில் தவறில்லை. அளவைத் தானே கூட்டிக்கொள்வதும் குறைத்துக்கொள்வதும் வேறு கதை. கண்காணிப்பு அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்.

"நார்மல் வந்துடுச்சு, நிறுத்திட்டேன்" என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். நார்மல் வந்ததே மாத்திரையால்தான். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1891-இல் ஜார்ஜ் மர்ரி என்ற மருத்துவர், உடல் வீங்கிச் சோர்ந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். பிறகு அதையே வாய்வழி மருந்தாகக் கொடுத்தார். அந்தப் பெண் மருந்தைத் தொடர்ந்து 74 வயது வரை வாழ்ந்தார். அதற்கு 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு தேவைப்பட்டதாக மர்ரி கணக்கு எழுதினார். இன்றைக்கு அந்த 28 ஆண்டுக்கும் தினம் ஒரு சின்ன மாத்திரை.

தைராய்டுக்கு அயோடின் வேண்டும் என்பதால் உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930-இல் திருச்சியிலிருந்து டெல்டா ஊர்கள் வழியாக ராஜாஜி நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யம் பக்கத்திலேயே இருக்கிறது. பல வீடுகளில் கல் உப்புதான் புழக்கம். 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டிலேயே குறைவாக இருந்தது தமிழ்நாட்டில், 61.9 சதவீதம். உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க இது போதுமான காரணம். ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வந்த குறைபாட்டை அயோடின் உப்பு மாற்றாது. அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது.

பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாத இடம் கர்ப்பம். முதல் மூன்று மாதம் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை போடும் பெண்ணுக்குக் கர்ப்பம் தரித்ததுமே பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஐந்தாம் மாதம் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். நாள் தள்ளிப்போன வாரமே கிராம சுகாதார செவிலியரிடம், "எனக்குத் தைராய்டு மாத்திரை ஓடுது, இப்பவே டி.எஸ்.எச். பார்க்கணும்" என்று அவள்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்து, டி.எஸ்.எச். வரம்புக்குள் வந்த பிறகும் அசதி போகாதவர்கள் இருக்கிறார்கள். "எல்லாம் நார்மல்தாம்மா" என்ற பதிலோடு பலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். நோட்டு கையில் இருப்பவளுக்கு அங்கே இன்னொரு கேள்வி மீதி இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் எவ்வளவு, பி12 பார்த்திருக்கிறதா, தூக்கம் எப்படி, மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க இடம் உண்டு. எல்லாப் பழியையும் தைராய்டின் மேல் போட்டுவிட்டால் ரத்தசோகை தப்பித்துக்கொள்ளும். "டி.எஸ்.எச். மூணு மாசமா மூணுக்குள்ளதான் இருக்கு டாக்டர், அசதி மட்டும் அப்படியே இருக்கு. வேற என்ன பார்க்கலாம்?" என்று எண்ணோடு கேட்டால், அடுத்த சீட்டில் வேறு பரிசோதனையின் பெயர் வரும்.