இலைக்கு ஒரு நீதி, பூவுக்கு ஒரு நீதி

கஞ்சாவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடு என்று யாராவது சொன்னால் நம் தோழர்களுக்கே கோபம் வருகிறது. 'சேரியைக் கெடுத்தது போதாதா, இதையும் அவுத்து வுடணுமா?' என்கிறார்கள். கோபம் நியாயமானது. அயோத்திதாசர் காலம் தொட்டே நம் அரசியல் போதைக்கு எதிரானது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. கருணாபுரத்தில் நம் சனம் வரிசையாகச் செத்து விழுந்தது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு 'என் உடம்பு, என் உரிமை' என்று மட்டும் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு.

ஆனால் கேள்வி கஞ்சா நல்லதா கெட்டதா என்பதல்ல. கெட்டது என்றே வைத்துக்கொள்வோம். தன்னைக் கெடுத்துக்கொள்பவனைக் கூண்டில் அடைக்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது? அடைபடுகிறவன் யார்?

1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். கஞ்சா என்றால் செடியின் பூத்த நுனி. பூவோடு சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. ஆகவே உத்தரப் பிரதேசத்தில், ராஜஸ்தானில், அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்கலாம். ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாலில் கலந்து குடிக்கலாம். அது பிரசாதம். அதே செடியின் பூவைக் காகிதத்தில் சுருட்டினால் குற்றம்: புகைத்ததற்கு ஆறு மாதம், ஒரு கிலோவுக்குள் கையில் இருந்தால் ஓராண்டு வரை, 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. 2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட கணக்கெடுப்புப்படி பாங்கு உட்கொள்வோர் ஏறத்தாழ 2.2 கோடி, கஞ்சா, சரஸ் பிடிப்போர் 1.3 கோடி. பெரிய கூட்டம் சட்டத்துக்குள், சின்னக் கூட்டம் சட்டத்துக்கு வெளியே. ஒரே செடிக்குள் தீட்டுக்கோடு கிழிக்க இந்த நாட்டுக்குச் சொல்லித் தரவா வேணும்?

வெள்ளைக்காரன் 1893இல் ஒரு கமிஷன் போட்டான். ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்தது. அளவோடு பயன்படுத்தினால் பெருங்கேடில்லை, முழுத்தடை வேண்டாம் என்று 1894இல் சொன்னது. 2020 டிசம்பரில் வியன்னாவில், மிகக் கொடிய போதைகளின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க ஐ.நா. ஆணையத்தில் 27க்கு 25 என்று வாக்கு விழுந்தபோது இந்தியாவும் எடு என்றே கை தூக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டில் 'கஞ்சா வேட்டை' தொடங்கியது. வெளியூரில் ஒரு முகம், உள்ளூரில் ஒரு முகம்.

வேட்டை எங்கே நடக்கும்? சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். கடல் பக்கம் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம். மீனவரும் தலித்துகளும் நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகள். மறுபக்கம் மயிலாப்பூரின் மதில் வைத்த வீடுகள். புகை இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் பைக்கை மடக்கி, சட்டைப் பையில் கைவிட்டு, 'எந்த ஏரியாடா நீ?' என்று கேட்பது ஒரு பக்கத்துப் பையனைத்தான். மறுபக்கத்துப் பையனுக்கு டாக்டர், இவனுக்குப் புழல். 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று முத்திரை குத்தி ஓராண்டு வரை விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும்.

குப்பத்து அக்கா ஒருத்தி சொன்னது: 'எம்புள்ள இழுத்தான், இல்லைங்கல. வூட்லயே கட்டிப்போட்டுத் திருத்திருப்பேன். உள்ள போய்ட்டு வந்தான் பாரு, இப்ப நாலு ரவுடி சிநேகிதம். வாய்தாவுக்குப் போய்ப் போய் மூணு வேலை போச்சு. கஞ்சா கெடுத்தது பாதி, கேஸ் கெடுத்தது மீதி.'

இது கடல் தாண்டியும் உண்மை. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் புகைத்தும், கஞ்சாவுக்காகக் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு என்று குடியுரிமைச் சங்கம் 2013இல் கணக்குக் காட்டியது.

இங்கேயும் சீர்திருத்தக் குரல்கள் எழுந்துள்ளன. 2016இல் பாட்டியாலா எம்.பி. தரம்வீர காந்தி தனிநபர் மசோதா தயாரித்தார். 2019இல் ஒரு குடிமக்கள் இயக்கம் தில்லி உயர்நீதிமன்றம் போனது. நல்லது. ஆனால் இன்னொன்றும் நடக்கிறது: ஆயுஷ் உரிமத்தோடு அதே செடியின் எண்ணெய்க்கு நேர்த்தியான புட்டி, நல்ல விலை. நம் பையனுக்கு வழக்கு, அவர்களுக்கு வியாபாரம். விற்பனையைத் திறந்துவிடுவது மட்டும் விடுதலை இல்லை. 2003 முதல் அரசே சில்லறைக்கு விற்கும் டாஸ்மாக் நமக்கு என்ன செய்தது என்று தெரியும். 2001இல் போர்ச்சுகல் வேறு வழி காட்டியது: சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவன் குற்றவாளி அல்ல, அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் ஆலோசனைக் குழுவிடம் அனுப்பு. விற்பவனுக்கு அங்கே இன்றும் தண்டனை உண்டு.

நம் கோரிக்கையும் இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். முதலில் தண்டனை போகட்டும். பழைய வழக்குகள் அழியட்டும். குப்பத்துக்குள் மருத்துவம் வரட்டும். கடை திறப்பதை அப்புறம் பேசலாம்.

இது புத்தருக்கு விரோதமில்லையா? பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் 'நான் விலகுகிறேன்' என்கிறது. 'உன்னை அடைக்கிறேன்' என்று சொல்லவில்லை. அம்பேத்கர் நாகபுரியில் கொடுத்ததும் உறுதிமொழிதான். சுயமரியாதையுள்ள மனிதன் தானே வாய்திறந்து சொல்வது அது. லத்தி சொல்ல வைத்தால் அது சீலம் ஆகாது. போதையை விடச்சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஏனென்றால் அவன் நம் தம்பி. அந்த வேலையைப் போலீசிடம் ஒப்படைக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?