கத்தி தந்த அடக்கம்

ஆத்திசூடி கற்பிக்கும் ஆசிரியர் பருத்த உடலினராய் இருந்தால் வகுப்பில் என்ன நிகழும் என்பதை நான் முப்பதாண்டுக் காலம் அறிந்திருந்தேன். அளவு கடந்து உண்ண விரும்பாதே என்று ஔவை உரைக்கும் இடம் வரும். அதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது பிள்ளைகள் தலை குனிந்திருப்பார்கள். ஒருவனின் தோள் குலுங்கும். ஒருத்தி வாயைக் கையால் பொத்தியிருப்பாள். நான் காணாதவன்போல் அடுத்த அடிக்குச் சென்றுவிடுவேன். கெடா மாநிலத்துத் தோட்டப் பள்ளிகளிலும், பின்னர் நகரப் பள்ளியிலும் ஆண்டு தவறாது நடந்த சிறு நாடகம் அது. அப்பிள்ளைகள்மீது எனக்கு ஒருபோதும் சினம் எழுந்ததில்லை. சொல்லுக்கும் சொல்பவனுக்கும் இடையே உள்ள தொலைவைக் கண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

என் ஐம்பத்தைந்தாம் அகவையில் எடை 138 கிலோ. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடன் குடியிருந்தன. உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டு நள்ளிரவில் எழுந்து உட்காருவேன். நோன்பிருந்தேன், நடந்தேன், சோற்றை விட்டேன், பதினைந்து கிலோ குறைத்து, ஓராண்டுக்குள் பதினெட்டுக் கிலோ ஏற்றினேன். இறுதியில் இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். இன்று இவ்வறுவை பெரும்பாலும் சிறு துளைகளின் வழியே குழாய்க் கருவிகளைச் செலுத்தித்தான் செய்யப்படுகிறது. என் வயிற்றிலோ முன்னர் நடந்த இரண்டு அறுவைகளின் தழும்புகள் உள்ளே குடலைப் பின்னிப் பிணைத்திருந்தன. ஆகவே பழைய முறைப்படி, நெஞ்செலும்பின் கீழிருந்து தொப்புள்வரை திறந்தே செய்தார்கள்.

இம்முறைக்கு வயது ஏறத்தாழ என் வயதுதான். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர், சிக்காஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து 1966இல் இதனைத் தொடங்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கப்பெற்றோர் பின்னர் மெலிந்து போவதைக் கண்டதே அவர் சிந்தனைக்கு வித்தாயிற்று. இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லாத இடம்! நாம் திருமண வீட்டில் பாயசம் ஊற்றிக்கொள்ளும் கிண்ணம் அதற்குக் கடல்.

கண் விழித்தபோது வலியைவிட முன்னதாக எனக்குள் எழுந்தது ஒரு கேள்வி. இனி நான் குறைவாகவே உண்பேன். ஆனால் அதில் என் பங்கு என்ன? அடக்கம் என்று நம் நூல்கள் போற்றுவதெல்லாம் மனத்தால் பெறுவது. மனம் தோற்ற இடத்தில் கத்தி வென்றிருக்கிறது. கத்தி தந்த அடக்கம் அறமாகுமா? கை வெட்டப்பட்டவன் திருடாதிருப்பதை நேர்மை என்று யாரேனும் சொல்வரோ?

இக்கேள்வியை வெளியே இருந்து எழுப்பியவர்களும் உண்டு. என்னைப் பார்க்க வந்த நெடுநாள் நண்பர் ஒருவர், "வாயைக் கட்ட முடியாமல்தானே வயிற்றைக் கட்டினீர்கள்?" என்றார். அவர் தீயவர் அல்லர். ஊர் எண்ணுவதை அவர் உரக்கச் சொன்னார், அவ்வளவே. பருத்தவனைச் சோம்பேறி என்றும், பேராசைக்காரன் என்றும், தன்னை ஆளத் தெரியாதவன் என்றும் கருதுவது நம்மிடையே மிகப் பழகிப்போன ஒரு தீர்ப்பு.

ஆயினும் அத்தீர்ப்பை நான் ஏற்பதற்கு முன் என் உடல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை முறிந்தது. சில நாள்களிலேயே கெடா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. என் தாய்க்கு அப்போது ஆறு வயது. அரிசி மறைந்தது, மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தபோது, என் பெரியப்பாவும் போனார். திரும்பவில்லை. பல பத்தாயிரம் தமிழர் அக்காட்டில் காய்ச்சலாலும் பேதியாலும் பசியாலும் மடிந்தனர் என்பது நம் வரலாறு. எங்கள் வீட்டில் அது வரலாறாக இல்லை, தட்டில் இருந்தது. என் தாய் சோறு போடும்போது கரண்டியால் அழுத்திப் போடுவார். மிச்சம் வைத்தால் அடிக்கமாட்டார்; பேசமாட்டார். அந்த மௌனத்திற்கு அஞ்சியே நான் தட்டை வழித்துத் தின்னப் பழகினேன்.

என் தந்தைக்கு அச்சோறு பொருந்திற்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளிகளைச் சுமந்து மேடும் பள்ளமும் நடந்து வந்தவருக்கு மலைபோல் குவித்த சோறும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் உழைப்பின் கூலி. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாங்கள் சுங்கை பட்டாணியில் ஒரு தாமானுக்குக் குடிபெயர்ந்தோம். மரங்களும் மேடும் பள்ளமும் பின்தங்கிவிட்டன. அழுத்திப் போட்ட சோறு மட்டும் எங்களோடு லாரியில் ஏறி வந்தது. அதனோடு தெருமுனைக் கடையின் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்கிறது. ஒரு நாட்டின் பாதிப் பேரும் ஒரே தலைமுறையில் ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அறிவியலும் இத்தீர்ப்புக்குத் துணை நிற்கவில்லை. 1999இல் ஜப்பானிய அறிஞர்களான கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையில் ஊறும் ஒரு சுரப்பைக் கண்டறிந்து கிரெலின் என்று பெயரிட்டனர். உணவு வேளைக்கு முன் அது இரத்தத்தில் உயர்கிறது. மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. உணவைக் குறைத்து மெலிந்தவர்களின் உடலில் அச்சுரப்பு முன்னினும் மிகுவதை 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரைப்பை மாற்றறுவை செய்துகொண்டோரிடமோ அது தாழ்ந்திருந்தது. பதினைந்து கிலோ குறைத்து மீண்டும் பதினெட்டு ஏற்றிய என் கதையைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் வந்தது, ஓர் ஐயமும் வந்தது. எல்லாம் சுரப்பின் செயல் என்றால், நான் யார்? என் குற்றம் எனதில்லை என்றால், என் முயற்சியும் எனதில்லை என்றாகிவிடாதா?

இவ்விடத்தில் எனக்கு உதவியவள் காயசண்டிகை. மணிமேகலை படித்த மாணவர் அவளை மறந்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரே நாவற்கனியை உண்டு தவம் செய்யும் முனிவனின் பழத்தை அவள் காலால் சிதைத்தாள். பன்னிரண்டு ஆண்டு தீராப் பசியால் வாடுக என்ற சாபம் பெற்றாள். எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் நோய் அது. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட ஒரு பிடி உணவில் அப்பசி தணிந்தது. சாத்தனார் அவளைப் பேராசைக்காரி என்று ஏசவில்லை, நோயாளியாகவே காட்டுகிறார். நம்மில் பலர் அவள் கதை அங்கே முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். முடியவில்லை. நோய் தீர்ந்தவள் தன் ஊருக்குத் திரும்ப வான்வழியே புறப்பட்டாள். விந்த மலையைக் காக்கும் தெய்வத்தின் இடத்தை வலமாகச் சுற்றிப் போகாமல் மேலே பறந்தாள். அத்தெய்வம் அவளைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றுள் அடக்கிக்கொண்டது. பசியிலிருந்து பிழைத்தவள் ஒரு வயிற்றுக்குள்ளேயே மறைந்தாள்! வீடு திரும்பும் வழியைப் பற்றி அவளுக்கு எவரும் சொல்லி அனுப்பவில்லை போலும்.

எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அறுவைக்கு மறுநாளே செவிலியர் எழுந்து நடக்கச் சொன்னார். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே தீங்கு. இருமல் வந்தால் தலையணையைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தாலும் அப்படியே. முதலில் தெளிந்த நீர் ஆகாரம், பின்னர் பால், கஞ்சி, பின்னர் அரைத்துக் குழைத்தது, அதன்பின் மென்மையானது, திட உணவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆறு வாரத்திற்குத் தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கலாகாது. தூக்கினால் தைத்த இடம் உள்ளே விட்டுக் குடல் பிதுங்கும். உணவோடு நீர் அருந்தலாகாது. இரும்புச் சத்தும், சுண்ணாம்புச் சத்தும், பி12 உயிர்ச்சத்தும் வாழ்நாள் முழுதும் மருந்தாகவே உட்கொள்ள வேண்டும். உணவு கடந்து செல்லும் பாதையை மாற்றிவிட்டபடியால் உடல் அவற்றைப் போதிய அளவு ஈர்ப்பதில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மாலை, யாரும் பார்க்காத வேளையில், அரைக் குவளை தே தாரிக் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்தது, உடல் வியர்த்தது, கண் இருண்டது. இனிப்பு ஒரே பாய்ச்சலாகச் சிறுகுடலுக்குள் இறங்குவதால் வரும் கேடு அது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்நேரத்தில்தான் என் கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்தது. கத்தி என் ஆசையை வெட்டவில்லை. இரைப்பையை மட்டுமே சுருக்கியது. ஆசை முழு உருவத்தோடு அங்கேயே நின்றது. மேலும், இவ்வறுவையையும் ஏமாற்ற வழி உண்டு. இனிப்பு நீரைச் சிறிது சிறிதாக நாள் முழுதும் பருகிக்கொண்டே இருந்தால் போதும். சில ஆண்டுகளில் எடை திரும்பிவிடும். திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கைவெட்டப்பட்ட திருடன் என்ற உவமை பொருந்தாது. எனக்குத் திருடக் கை இருந்தது. கூச்சல் குறைந்த ஓர் அறையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அங்கே நான் என்ன எண்ணுகிறேன் என்பது எனக்கே கேட்கத் தொடங்கியது. குறளில் மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண் என்கிறார் வள்ளுவர். முப்பதாண்டு அதனை விளக்கியவன், அறிதல் என்ற சொல்லின்மேல் விரலை வைத்ததே இல்லை. அறிவதற்கு உடல் பேச வேண்டும்; அதன் பேச்சு நமக்குக் கேட்க வேண்டும். சிலருக்கு அது இயல்பாகக் கேட்கிறது. எனக்குக் கேட்பதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. மூக்குக் கண்ணாடி அணிந்து படிப்பவனைப் படிக்காதவன் என்று நாம் சொல்வதில்லை.

மறுபாதி விடை இன்னும் கிடைக்கவில்லை. அது என் தாயிடம் இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரம், அவர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். தெளிநீரில் நான்கு தேக்கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்றேன். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெழங்கு தின்ன காலத்துலகூட இவ்வளவு கம்மியா யாரும் குடிச்சதில்ல ராசா. இதுக்குத்தானா ஒன்ன சோறு போட்டு வளத்தேன்?" என்று அழுதார். அதற்கு என்ன மறுமொழி சொல்வது? அவர் வாழ்நாள் முழுதும் பசியை என்னிடமிருந்து விரட்டினார். நான் பணம் கொடுத்துப் பசியின் அளவை வாங்கி வந்திருக்கிறேன். அன்பை உணவாக மட்டுமே கொடுக்கத் தெரிந்த ஒரு தலைமுறையிடம், உணவை மறுத்துவிட்டு அன்பை மட்டும் எப்படிப் பெற்றுக்கொள்வது? சுரப்புகளைப் பற்றி எழுதிய எவரும் இதனை எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பினேன். சட்டைகள் தொளதொளத்தன, நான்காம் மாதம் முடி கொட்டியது, முகத்துத் தோல் தளர்ந்து மூப்புக் கூடியது. நோய் என்று எண்ணி ஆசிரியர் அறையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சர்க்கரைக்கான மாத்திரைகள் பாதியாகக் குறைந்தன. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. ஆத்திசூடியில் அந்த அடி வந்தது. எழுதிவிட்டுத் திரும்பினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய உடலோடு நான் அதே சொல்லைச் சொன்னபோது அது பொய்யாக இருந்ததா? இல்லையே. அப்போதும் அதை நான் மனமார விரும்பித்தான் சொன்னேன். அன்று பின் வரிசையில் பருத்த சிறுவன் ஒருவன் புத்தகத்தால் வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் பார்வை என்னை விட்டு அவன்மேல் இறங்கியிருந்தது. அவ்வடிக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தை விட்டுவிட்டு, காயசண்டிகையின் கதையைச் சொன்னேன்.

அடுத்த தை மாதம் கூலிமில் உறவினர் வீட்டுத் திருமணம். வாழையிலை போட்டுப் பந்தி. பரிமாற வந்தவர் மணமகளின் தாய்மாமன், ஒரு கரண்டி போதும் என்று நான் கை காட்டியதை மதியாமல், "என்ன வாத்தியாரே, நம்ம வீட்டுச் சோறு பிடிக்கலையா?" என்று மூன்று கரண்டி வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு பிடியை நெடுநேரம் மென்றுகொண்டிருந்தேன். என் பக்கத்தில் தாய் அமர்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர், அவரும் அதிகம் உண்பதில்லை. அவர் என் பக்கம் திரும்பாமலே, இடக்கையால் தம் இலையை மெல்ல என் இலையை ஒட்டி நகர்த்தினார். வலக்கையால் என் சோற்றை வழித்துத் தம் இலைக்கு மாற்றிக்கொண்டார். பரிமாறியவர் திரும்பி வந்து என் வெற்றிலையைக் கண்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று குனிந்தார்.

"போதும் தம்பி," என்றார் என் தாய். "அவன் நல்லா சாப்பிட்டான்."