கருவியும் உடைமையும்

வீடு சக்கரத்தின்மேல் ஏறிவிட்டால், அதனுள் செய்யும் தொழில் எங்கே அமரும்? அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றோர் சிலர், நிலையான வீட்டை விற்றுவிட்டு, படுக்கையும் சமையலிடமும் அமைந்த பெரிய ஊர்தியிலேயே ஆண்டு முழுவதும் வாழ்கின்றனர் என்று அங்கு வாழும் என் பேத்தி ஒருமுறை விவரித்தாள். அவர்களுள் தச்சு வேலை செய்வோரும் தையல் தைப்போரும் உண்டாம். உண்ணும் மேசையையே தையற்பலகை ஆக்குவர். கனமான கருவிகளைத் தாழ்வாக வைப்பர். வண்டி ஓடும்போது எதுவும் உருளாதபடி ஒவ்வொன்றையும் பிணைத்து வைப்பர். கேட்டபோது இதனைச் செல்வர் விளையாட்டு என்றே எண்ணினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் நின்ற ஒரு லாரி அவ்வெண்ணத்தை மாற்றியது.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் முகத்துவாரக்குப்பத்தில் வாழ்கிறார். கொசத்தலையாறு கடலோடு கலக்கும் இடத்திலுள்ள மீனவர் ஊர் அது. அவரைக் கண்டு திருவொற்றியூருக்குத் திரும்புகையில், துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் என் ஆட்டோ சிக்கிக்கொண்டது. "டீச்சர்!" என்று ஒரு குரல். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் பயின்றவர். இன்று தலை நரைத்த ஓட்டுநர். லாரியின் நிழலில் அமர்ந்து பிளாஸ்டிக் வயர்க்கூடை பின்னிக்கொண்டிருந்தார். அப்பின்னல் கைத்தொழில் வகுப்பில் நான் கற்பித்ததே.

"ரெண்டு நாளா வரிசையில நிக்கிறேன் டீச்சர். கை சும்மா இருந்தா மனசு கண்ட இடத்துக்குப் போகுது" என்றார்.

மாதத்தில் இருபது நாளுக்கு மேல் அந்த லாரியே அவருக்கு வீடு. அதனைச் சுற்றிக் காட்டினார். இருக்கைக்குப் பின்னால் ஓராள் படுக்கும் பலகை. அடுப்பும் அரிசியும் உள்ளே இல்லை. வண்டியின் பக்கவாட்டில் பொருத்திய இரும்புப் பெட்டியில் இருந்தன. தீயை உறங்கும் இடத்தில் வைக்கலாகாது என்றார். ஜாக்கியும் ஸ்பேனர்களும் வேறொரு பெட்டியில், கை வைத்தவுடன் கிடைக்கும் வரிசையில். பலகைக்கு மேல் ஓர் ஆணியில் வயர்க்கட்டுகள்; ஒரு பிஸ்கட் டப்பாவில் கத்தரிக்கோலும் அளவுகோலும். "இந்த டப்பாவுக்கும் வயருக்கும் இடம் வேணும்னுதான் ரெண்டாவது துணிப்பையை வீட்லயே விட்டுட்டேன்" என்றார். அவர் அதனைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஓட்டுநரின் குறுகிய இடத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. அது அவர் ஏற்ற விரதமன்று. பிழைப்பு தந்த நெருக்கடி. புதிதாகத் தயாராகும் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று நடுவண் அரசு விதி செய்தது. பல்லாண்டுகளுக்கு முன்பே வந்திருக்கவேண்டிய விதி. நான் சிந்திப்பது வேறொன்றை. இடம் சுருங்கும்போது எதை முதலில் கைவிடுகிறோம்?

நம் முனிவர்கள் வீடற்றவர்கள். மழைக்காலம் நான்கு திங்கள் தவிர ஓரிடத்தில் நிலைத்துத் தங்காதவர்கள். ஆடையையும் துறந்த திகம்பர முனிவரும் மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம் ஆகிய மூன்றை வைத்துக்கொள்கிறார். சிற்றுயிரை ஊறின்றி விலக்கப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், அறிவுக்குச் சாத்திரம். இவற்றைப் பரிக்கிரகம் என்று கூறாமல் உபகரணம் என்றே கூறுகிறோம். பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அவ்வாறாயின் பொருள்களின் எண்ணிக்கை மட்டும் அளவுகோல் ஆகாது. அப்பொருள் எதற்காக நம்முடன் வருகிறது என்பதே கேள்வி. ஆயினும் பீலியின்மேலும் மயக்கம் கொள்ளக்கூடும். கருவி என்ற பெயரே காப்பு ஆகிவிடாது.

இல்லறத்தார்க்குரிய பரிமித பரிக்கிரகம் என்னும் அணுவிரதத்தில் வயல், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம், ஆடை, பாத்திரம் முதலியவற்றுக்கு எல்லை வகுத்துக்கொள்கிறோம். என் தையல் இயந்திரத்தை எத்தலைப்பில் எழுதுவது என்று முன்பொருமுறை மயங்கியதுண்டு. சிரிப்பீர்கள், ஆயினும் அது சிறு ஐயமன்று.

வண்டியையே வீடாகவும் பட்டறையாகவும் கொண்டவர்கள் நம் நாட்டில் பழையவர்கள். இராசத்தானத்து காடியா லோகார் எனப்படும் வண்டிக் கொல்லர், 1568இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபின் கூரையின்கீழ் வாழ்வதில்லை என்று சூளுரைத்ததாக அவர்களது மரபு கூறுகிறது. கட்டிலையும் கவிழ்த்தே வண்டியில் ஏற்றிச் செல்வார்களாம். உறங்கும் வசதியைக் கவிழ்த்துவிட்டார்கள். உலையையும் சம்மட்டியையும் விடவில்லை. 1955இல் நேரு அவர்களைச் சித்தூருக்குள் மீண்டும் அழைத்துச் சென்றார். அதன்பின்னும் பலர் வண்டி வாழ்க்கையை விடவில்லை. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருந்தபோது, கையில் எடுத்துச் செல்லும் பெட்டிக்குள் மடங்கும் இராட்டை உருவாயிற்று. ஆதாரக் கல்விப் பயிற்சியில் எங்களுக்குத் தக்ளி தந்தார்கள். அதற்கு அறை வேண்டாம், மடி போதும்.

முகத்துவாரக்குப்பத்தில் இக்கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலைகளிலும் படகுகளிலும் படிந்தது. பொருள் சேதம் என்று அதனை நாம் எழுதினோம். என் தோழியோ, "பொருள் போயிருந்தால் அழுதுவிட்டுத் தேறியிருப்பார்கள், போனது கை" என்றார். வலையின்மேல் மீனவர் வைக்கும் பற்றை, நகையின்மேல் நாம் வைக்கும் பற்றோடு ஒரே தட்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வலை உயிர்க்கொலைக் கருவி ஆயிற்றே என்று வாசகர் கேட்பர். கேட்கவேண்டியதுதான். அவ்வினாவை மறைத்து இதனை எழுதவில்லை; கருவியை இழத்தல் எத்தகைய இழப்பு என்பதை மட்டுமே இங்குக் கருதுகிறேன்.

இனி என்னைப் பற்றி. மூன்று ஆண்டுகளுக்கு முன் தனி வீட்டை விட்டு மகளின் சிறு குடியிருப்புக்கு வந்தேன். உடைமையைக் குறைக்கிறேன் என்று பெருமையோடு அனைவரிடமும் சொன்னேன். மிதி தையல் இயந்திரத்தையும், வெட்டுப் பலகையையும், பாடம் நடத்தச் செய்துவைத்த அட்டைப் படங்களையும் கொடுத்துவிட்டேன். என்னிடம் தையல் பழக வந்த பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர், கருவி இல்லாமற்போனதும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் குறைத்தது உடைமையையா, உழைப்பையா? எங்கள் பரணில் வெள்ளிக் குத்துவிளக்குகளும், பெயர் பொறித்த பித்தளைப் பாத்திரங்களும், ஆண்டுக்கொருமுறையும் உடுத்தாத பட்டுப்புடவைகளும் அப்படியே இருக்கின்றன. ஓட்டுநர் துணிப்பையை விட்டுக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலை விட்டுப் பட்டுப்புடவையை வைத்துக்கொண்டேன்.

மகளிடம் சொன்னேன். "அம்மா, இயந்திரம் வைக்க இங்கே இடம் ஏது?" என்றாள். சமையலறைச் சன்னலை ஒட்டி இரண்டரை அடி இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். அங்கே இப்போது பாத்திர அலமாரி நிற்கிறது. அந்த அலமாரியைப் பரணில் ஏற்றவேண்டுமானால் பரணில் உள்ளவை இறங்கவேண்டும். சாதுர்மாதம் தொடங்குமுன் ஏணி போட்டுத் தரும்படி மருமகனைக் கேட்டிருக்கிறேன்.