கருப்பையா, கூடையா?

லயத்தில் ஒரு பெண் கைகால் இழுத்து விழுந்தால் ‘ஹிஸ்டீரியா’ என்று சொல்லிவிடுவோர் உண்டு. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர் அது. பெயரிலேயே பழி! முதல் உலகப் போரில் படைவீரர் அவ்வாறே துவண்டபோது, 1915இல் அதற்குக் ‘குண்டு அதிர்ச்சி’ எனக் கௌரவமான பெயர் கிடைத்தது.

இன்று ஆய்வாளர்கள் உடலைப் ‘பால்’ என்றும், சமூகம் வகுத்த ஆண் பெண் நிலையைப் ‘பாலினம்’ என்றும் பிரிக்கிறார்கள். வெறும் சொற்சண்டையா, அன்பர்களே? பதுளைத் தோட்டமொன்றில் பிரட்டுக்குமுன் சமைத்து, பகலெல்லாம் கொழுந்தெடுத்து, குடித்துவந்த கணவனுக்கும் சோறிடுகிறவள் மனம் சோர்ந்தால், ஆய்வுத்தாளில் ‘பெண்’ என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி விழும். அந்தக் கட்டம் அவள் கருப்பையைச் சொல்கிறதா, முதுகுக் கூடையைச் சொல்கிறதா? கணவனின் துயரமோ ‘குடி’ என்ற பெயரில் மறைந்து, பல வேளை நோய்க் கணக்கிலேயே சேர்வதில்லை.