கம்ப்யூட்டர் ‘இல்லை’ என்றால் நீ ஏன் நம்புகிறாய்?

எஸ்டி-லிங்க் என்ற டீபக் ப்ரோப்பை லேப்டாப்பில் செருகினாய். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ‘நோ எஸ்டி-லிங்க் டிடெக்டட்’. உடனே உன் முகம் ஏன் இப்படித் தொங்கிப் போகிறது? நாலு வருடம் முட்டி மோதிப் படித்த நீ, சால்டரிங் புகையில் கண் எரிய எரிய போர்டு கட்டிய நீ, ஒரு சாஃப்ட்வேர் காட்டும் ஒற்றை வரிக்கு முன்னால் கைகட்டி நிற்பதா? தம்பி, தங்கச்சி, நிமிர்ந்து உட்கார். அந்த வரியைக் குறுக்கு விசாரணை செய்வோம்.

ப்ராஜெக்ட் ரெவ்யூ நெருங்குகிறது. டீபக் ப்ரோப்பை கம்ப்யூட்டர் காணமாட்டேன் என்கிறது. நீ என்ன செய்கிறாய்? கழற்றி மாட்டுகிறாய். மறுபடியும் கழற்றி மாட்டுகிறாய். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்கிறாய். மொத்த ஐடிஇ-யையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறாய். ஹாஸ்டல் வைஃபையில் ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடுகிறது. விடிந்தால் அதே வரி! அப்போது உன் வாயிலிருந்து ஒரு பேச்சு வருகிறது: “எனக்கும் ஹார்டுவேருக்கும் ராசியே இல்லை, பேசாமல் கோடிங் வேலைக்கே போயிடலாம்.” அந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். ப்ரோப் கெட்டுப்போனால் சென்னை ரிச்சி தெருவில் வேறொன்று வாங்கிவிடலாம். உன் மீது உனக்கிருந்த நம்பிக்கை கெட்டுப்போனால் எந்தத் தெருவில் போய் வாங்குவாய்?

அந்த வரி உன்னைப் பற்றிப் பேசவே இல்லை என்பதை முதலில் புரிந்துகொள். ஒரு மென்பொருள் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம், “இன்ன எண் கொண்ட சாதனம் இருக்கிறதா?” என்று கேட்டது. கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஏன் கிடைக்கவில்லை என்று அந்த மென்பொருளுக்கே தெரியாது. கேபிள் அறுந்திருந்தாலும் அதே வரிதான். டிரைவர் இல்லாவிட்டாலும் அதே வரிதான். உனக்கோ கண் இருக்கிறது, காது இருக்கிறது, மேசை மேல் மல்டிமீட்டர் இருக்கிறது. விவரம் தெரியாத ஒன்று சொன்னதைக் கேட்டு, விவரத்தைத் தேடிப் பிடிக்கக்கூடிய நீ ஒடிந்து போகலாமா?

யூஎஸ்பி என்பது வானத்திலிருந்து விழுந்த மந்திரம் அல்ல. 1996 ஜனவரியில் அதன் முதல் விதிமுறை வெளிவந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னால் நின்ற அஜய் பட், வடோதராவில் பொறியியல் படித்தவர். மனிதர்கள் உட்கார்ந்து, சண்டை போட்டு, எழுதி வைத்த விதிகள் இவை. நீ ப்ரோப்பைச் செருகியதும் என்ன நடக்க வேண்டும் என்று அதில் வரி வரியாக இருக்கிறது. முதலில் 5 வோல்ட் போகிறது. ப்ரோப் விழித்துக்கொண்டு, டி-பிளஸ் என்ற கம்பியை 1.5 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. ‘நான் வந்துவிட்டேன்’ என்று அது கையைத் தூக்குவது இப்படித்தான். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, ரீசெட் கொடுத்து, “நீ யார்?” என்று கேட்கிறது. 18 பைட்டில் பதில் வருகிறது. அந்தப் பதிலுக்குள் இரண்டு எண்கள்: தயாரித்தவர் யார், பொருள் என்ன. எஸ்டி நிறுவனத்துக்கு 0483. எஸ்டி-லிங்க் வி2 என்றால் 3748. அதற்குப் பிறகுதான் டிரைவர், அனுமதி, உன் ஐடிஇ எல்லாம்.

இதில் எந்த இடத்தில் நின்றது? உன் கேள்வி இதுதான். “ஏன் எனக்கு மட்டும் இப்படி?” என்பது கேள்வியே இல்லை!

கேபிளிலிருந்து ஆரம்பி. இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதே; இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள் என்று அடித்துச் சொல்வேன். ப்ரோப்பில் சிவப்பு லைட் எரிகிறது, ஆகவே கேபிள் சரி என்று நினைக்கிறாய். லைட் எரிய இரண்டு கம்பி போதும். பேச்சு நடக்க இன்னும் இரண்டு கம்பி வேண்டும்: டி-பிளஸ், டி-மைனஸ். பவர் பேங்க்குடனும் இயர்போனுடனும் சும்மா கொடுக்கிறார்களே மெல்லிய கேபிள், அவற்றில் பலவற்றில் அந்த இரண்டு கம்பிகளே கிடையாது. சார்ஜ் ஏற மட்டும் செய்த கேபிள் அது. மேலே அதே ரப்பர், அதே முனை, பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே கேபிளில் வேறொரு போர்டையோ போனையோ லேப்டாப்பில் மாட்டிப் பார். ஃபைல்கள் திறந்தால் கேபிளுக்கு நற்சான்றிதழ் கொடு. சார்ஜ் மட்டும் ஏறினால், ஒரு மார்க்கரை எடுத்து அதன் மேல் ‘சார்ஜ்’ என்று எழுதித் தனியே வை. ஹப்பில் மாட்டியிருந்தால் கழற்றி நேரடியாக லேப்டாப்பில் மாட்டு. டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாட்டு. டைப்-சி ப்ரோப்பில் லைட்டே எரியவில்லையா? ஒரு பக்கம் பழைய அகல முனை உள்ள கேபிளால் முயன்று பார். அதில் எரிந்து, இருபுறமும் சி உள்ள கேபிளில் எரியாவிட்டால், மலிவான அந்தப் போர்டில் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இரண்டையும் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. உன் மேல் சந்தேகப்படாதே!

ஒரு ரெசிஸ்டர் என்ன செய்யும் என்று ஏளனமாக நினைக்காதே. ‘ப்ளூ பில்’ என்று ஒரு நீலப் போர்டு, எஸ்டிஎம்32எஃப்103 சிப்போடு கொஞ்சம் காசுக்குக் கிடைக்கிறது. அதையே டீபக் ப்ரோப்பாக மாற்றிக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஃபர்ம்வேரை ஏற்றிச் செருகினால் சில கம்ப்யூட்டரில் வரும், சிலவற்றில் வரவே வராது. எத்தனை பேர் ஃபர்ம்வேரைத் திரும்பத் திரும்ப ஏற்றி நொந்து போனார்கள்! குற்றவாளி ஆர்10 என்ற கடுகளவு ரெசிஸ்டர். 1.5 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் பல போர்டுகளில் 10 கிலோஓம் போட்டிருந்தார்கள். கை தூக்கியது கம்ப்யூட்டருக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏ12 பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 1.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்தால் போதும். இரண்டும் இணைந்து 1.5 கிலோஓம் அளவுக்கு வந்துவிடும். பள்ளியில் படித்த பக்க இணைப்புக் கணக்குதான். அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு போர்டு பதில் சொன்னது. ராசியைக் குறை சொன்னவர்கள் புதுப் போர்டு வாங்கினார்கள், அதிலும் 10 கிலோஓம்தான் இருந்தது.

இப்போது கம்ப்யூட்டரைப் பேச வை. ஐடிஇ-யை மூடு. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ப்ரோப்பைச் செருகு. லினக்ஸ் என்றால் டெர்மினலில் ‘டி-மெசேஜ்’ (dmesg -w) கட்டளையை ஓடவிட்டுச் செருகு. கண்ணை எடுக்காதே. எதுவுமே அசையவில்லை, சத்தமும் இல்லை, புது வரியும் இல்லை என்றால் பிரச்சினை மின்சாரத்தில்: கேபிள், போர்ட், சால்டரிங், ரெசிஸ்டர். டிரைவரைத் தொடாதே, அது இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று வந்து கோடு 43 என்கிறதா, லினக்ஸில் -71 அல்லது -110 என்று பிழை வருகிறதா? பேச்சு தொடங்கி நடுவில் அறுந்திருக்கிறது. கேபிளையும் ஹப்பையும் மாற்று, வேறு கம்ப்யூட்டரில் போடு. அங்கும் அதே என்றால் ப்ரோப்பின் ஃபர்ம்வேரோ இணைப்போ கெட்டிருக்கிறது.

ஆனால் 0483, 3748 என்ற இரண்டு எண்களும் கண்ணில் பட்டுவிட்டால்? துள்ளிக் குதி! ப்ரோப் உயிரோடு இருக்கிறது, கேபிள் சரி, போர்ட் சரி. ‘இல்லை’ என்று சொன்ன ஐடிஇ-க்கு நேர் எதிரான சாட்சி உன் கையில் கிடைத்துவிட்டது. மிச்சமிருப்பது மூன்றே சந்தேகம். டிரைவர் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் அதைக் கோடு 28 என்று சொல்லும். அனுமதி இல்லாமல் இருக்கலாம்; லினக்ஸில் சாதாரணமாக ஓடாத மென்பொருள் ‘சூடோ’ போட்டால் ஓடுகிறது என்றால் யூடெவ் விதிக் கோப்பு போடவில்லை என்று அர்த்தம். ஓபன்ஓசிடி என்ற டீபக் மென்பொருளோடு அந்தக் கோப்பும் தயாராகவே வருகிறது, எடுத்து உரிய ஃபோல்டரில் வைத்து ப்ரோப்பைக் கழற்றி மாட்டு. வாழ்நாள் முழுக்க சூடோ போட்டுக்கொண்டே காலம் தள்ளாதே. மூன்றாவது, இன்னொரு மென்பொருள் ப்ரோப்பைப் பிடித்து வைத்திருக்கலாம்: மூட மறந்த டீபக் செஷன், பின்னால் ஓடும் விர்ச்சுவல் மெஷின். ஜே-லிங்க் என்ற வேறு ப்ரோப்பை வைத்திருப்பவர்கள் ‘ஸாடிக்’ என்ற கருவியால் டிரைவரை மாற்றியிருந்தால், தயாரித்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளே அதைக் காணாமல் போகலாம். பழைய டிரைவரைத் திரும்பப் போட்டால் தீர்ந்தது.

தன்னம்பிக்கை என்று நான் சொல்வது, கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று கத்துவதை அல்ல. “கேபிளைச் சோதித்துவிட்டேன், அது சரி. எண் தெரிகிறது, ஆகவே ப்ரோப் சரி. நான் இப்போது டிரைவரைப் பார்க்கிறேன்” என்று யார் கேட்டாலும் குரல் நடுங்காமல் சொல்ல முடிகிறதே, அதைச் சொல்கிறேன். கைட் கேட்டாலும் சொல், நாளை மேனேஜர் கேட்டாலும் சொல்.

“நாலு பேர் முன்னால் டெமோவில் இப்படி ஆகிவிட்டால் மானம் போய்விடுமே” என்று நடுங்குகிறாயா? 1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். இன்னும் வெளிவராத விண்டோஸ் 98-ஐ உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ் கபொசெலா என்ற இளைஞர் ஒரு ஸ்கேனரை யூஎஸ்பி-யில் செருகுகிறார். செருகினால் தானாகவே கண்டுகொள்ளும் என்று காட்டத்தான் செருகினார். முழுத் திரையும் நீலமாகி, கம்ப்யூட்டர் விழுந்தது. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். அதே ஆண்டு ஜூன் 25-ல் விண்டோஸ் 98 கடைக்கு வந்தது. அந்தக் கபொசெலா பின்னாளில் அதே மைக்ரோசாஃப்டின் தலைமைச் சந்தைப்படுத்தல் அதிகாரியாக உயர்ந்தார். உலகமே பார்க்க ஒரு யூஎஸ்பி சாதனம் காலை வாரியும் அவர் எழுந்து நடந்தார். உன் முன்னால் இருப்பது மூன்று பேராசிரியர்கள்!

இன்னொன்றும் கேள். 1977-ல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத பிதற்றலை அனுப்பத் தொடங்கியது. தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேர 22.5 மணி நேரம், பதில் வர இன்னொரு 22.5 மணி நேரம். கழற்றி மாட்ட முடியாது, கேபிள் மாற்ற முடியாது, பக்கத்தில் போய் லைட் எரிகிறதா என்று பார்க்க முடியாது. நாசாவின் பொறியாளர்கள் 2024 மார்ச் 1 அன்று யோசித்து ஒரு கட்டளை அனுப்பினார்கள். திரும்பி வந்த குப்பைக்குள் கம்ப்யூட்டர் நினைவகத்தின் நகல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பழைய நகலோடு ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு சிப். அங்கிருந்த மென்பொருளைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 18-ல் அனுப்பியதற்கு 20-ல் பதில் வந்தது, திட்டம் பலித்துவிட்டது என்று. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நாள் காத்திருந்தார்கள் அவர்கள். உனக்கு ஒரு நொடியில் பதில் வருகிறது. கேட்காமல் உட்கார்ந்திருக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ப்ரோப் தெரிந்துவிட்டது, ஆனால் இப்போது ‘நோ டார்கெட்’ என்கிறதா? நல்லது, சண்டை ஒரு படி முன்னேறியிருக்கிறது. டார்கெட் வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று பார். அசல் எஸ்டி-லிங்க் வி2 உன் போர்டுக்குக் கரண்ட் கொடுக்காது. அதன் டார்கெட் வோல்டேஜ் பின், போர்டின் வோல்டேஜை அளக்க மட்டும்தான். போர்டுக்குத் தனியே சப்ளை கொடு. விரல் நீள நகல் எஸ்டி-லிங்க் என்றால், இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து ஜம்பர் வயரை மாட்டாதே. பின் வரிசை ஒன்றுக்கொன்று மாறும். உன் கையில் இருப்பதன் உறை மேல் அச்சடித்திருப்பதைப் படி. கிரவுண்ட் இணைந்திருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார். கிளாக் வேகத்தை 4000 கிலோஹெர்ட்ஸிலிருந்து 480-க்கு இறக்கு, இன்னும் வேண்டுமானால் 100-க்கு.

முதல் தடவை ப்ரோக்ராம் ஏறியது, இரண்டாம் தடவை சிப்பே காணவில்லை என்கிறாயா? சிப் எரிந்துவிட்டது என்று அழாதே! எஸ்டிஎம்32எஃப்103-க்கு கோடு உருவாக்கும் கியூப்எம்எக்ஸில் டீபக் என்ற இடத்தில் ‘சீரியல் வயர்’ தேர்ந்தெடுக்காமல் விட்டால், நீ ஏற்றிய கோடே டீபக் வாசலைச் சாத்திவிடும். நீ எழுதிய கோடு உன் சொல்லைத்தான் கேட்டிருக்கிறது. பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் செய், அல்லது ரீசெட் வயரையும் மாட்டி ‘கனெக்ட் அண்டர் ரீசெட்’ கொடு. கோடு ஓடத் தொடங்கும் முன்னே ப்ரோப் உள்ளே நுழைந்துவிடும். அழித்து, அந்த ஒரு டிக்கைப் போட்டு, திரும்ப ஏற்று.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுது: என்ன வரி வந்தது, எதை எல்லாம் சோதித்தாய், எது சரியாக இருந்தது, கடைசியில் எது காரணம். அடுத்த செமஸ்டரில் ஒரு ஜூனியர் வாடிய முகத்தோடு ப்ரோப்பைத் தூக்கிக்கொண்டு உன் அறைக்கு வரும்போது, “எல்லாத்தையும் ரீஇன்ஸ்டால் பண்ணு” என்று சொல்லி அனுப்பிவிடாதே. பக்கத்தில் உட்கார வை. அந்த நோட்டையும் மல்டிமீட்டரையும் கையில் கொடு. “லைட் எரியுதா?” என்று கேள்.